யாருங்க அந்த 'அட்மின்'?

'ஸ்விட்ச்' என்றவுடன் சுவரில் ஃபேன் போடுகிற ஸ்விட்சைத் தேடுகிறவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். இது வேற ஸ்விட்ச். ஒரு ஆபீசில் நாற்பது கம்ப்யூட்டர் இருந்தால், அந்த நாற்பது கேபிளும் கடைசியில் போய்ச் செருகப்படுகிற தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் 24 அல்லது 48 ஓட்டைகள், பக்கத்திலேயே கண் சிமிட்டும் பச்சை விளக்குகள். யாருடைய தகவல் யாருக்குப் போக வேண்டும் என்று பார்த்துப் பிரித்து அனுப்புவதுதான் இதன் வேலை. தபால் ஆபீசில் 'சார்ட்டிங்' செய்பவர் மாதிரி. ஒழுங்காக ஓடும் வரை இப்படி ஒரு ஜீவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

ராயபுரத்தில் ஆரம்பித்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று கடலோரமாகவே போனால் துறைமுகம், கன்டெய்னர் டெர்மினல், சி.எஃப்.எஸ். யார்டு, வண்டி செய்கிற ஃபாக்டரி, டயர் ஃபாக்டரி, அனல் மின் நிலையம், இந்தப் பக்கம் மணலியில் சுத்திகரிப்பு ஆலை. எல்லா இடத்திலும் இந்தப் பெட்டிகள் உண்டு. ஏசி ரூமில் சொகுசாக இருப்பவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் யார்டு விளக்குக் கம்பத்தின் அடியில், தகரக் கூண்டுக்குள், உப்புக் காற்றும் கரித்தூசியும் தின்றுகொண்டு கிடக்கின்றன.

அதில் ஒன்று படுத்தால் என்ன ஆகும்? கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 'கனெக்டிங்... கனெக்டிங்...' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வே பிரிட்ஜில் சீட்டு வராது. ஸ்கேன் செய்கிற கைக்கருவி செத்த எலி மாதிரி கிடக்கும். வெளியே டிரெய்லர் லாரிகள். ஜீரோ கேட் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியைத் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த வரிசைக்கு ரோடு, சோதனை, பேப்பர் என்று வேறு ஆயிரம் காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் ஒரு இரும்புப் பெட்டி மேல் போட முடியாது. ஆனால் கேட்டில் நெட் போய்விட்டால் அந்த வரிசை இன்னும் நீளும். டிரைவருக்கு ஒரு டிரிப் போகும். சரக்குக்காரருக்கு டெமரேஜ் ஏறும்.

ஆகவே அந்தப் பெட்டிக்குள் யார் நுழைகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது கம்ப்யூட்டர்காரர்களின் சொந்த விவகாரம் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

120 பெட்டி, ஒரு ஷிஃப்ட்

ராத்திரி ஷிஃப்டில் இருக்கிற ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் இப்படி ஏகப்பட்ட பேர். டிப்ளமோவோ பி.ஈ.யோ முடித்து, கடன் வாங்கி சிசிஎன்ஏ சர்டிஃபிகேட் எழுதியவன். யூனிஃபார்மில் இருப்பது பெரிய கம்பெனியின் பெயராக இருக்கலாம், சம்பளச் சீட்டில் இருப்பது கான்ட்ராக்டர் பெயர். சில இடங்களில் கான்ட்ராக்டருக்குக் கீழே இருக்கும் சப் கான்ட்ராக்டர் பெயர்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு போன். "தம்பி, யார்டுல நெட் ஸ்லோ. என்னான்னு பாரு."

என்னவென்று பார்ப்பது எப்படி? யார்டு முழுக்க 120 ஸ்விட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கோளாறு என்று தெரியாது. ஒவ்வொன்றாக, உட்கார்ந்த இடத்திலிருந்தே ரிமோட்டில் நுழைய வேண்டும். யூசர் நேம், பாஸ்வேர்டு, அப்புறம் 'எனேபிள்', அதற்கு இன்னொரு பாஸ்வேர்டு. பிறகு எந்த போர்ட்டில் எரர் ஏறுகிறது, எந்த கேபிள் விட்டு விட்டு வேலை செய்கிறது, லாகில் என்ன புலம்பியிருக்கிறது என்று பார்த்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி, வெளியே வந்து, அடுத்தது. ஒன்றுக்கு 4 நிமிடம் என்றாலும் 120க்கு 480 நிமிடம். சுளையாக 8 மணி நேரம். ஷிஃப்ட் முடிந்தது, கோளாறு முடியவில்லை.

ஆகவே பையன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறான். இது ஒன்றும் புது வித்தை இல்லை. 1990லேயே அமெரிக்காவின் 'நிஸ்ட்' எனும் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் டான் லிப்ஸ் என்பவர் 'எக்ஸ்பெக்ட்' என்று ஒரு கருவி செய்துவிட்டார். பெயரிலேயே வேலை இருக்கிறது. 'எதிர்பார்.' அந்தப் பக்கத்திலிருந்து 'பாஸ்வேர்டு' என்று கேட்டால் இதைச் சொல். திரை நிரம்பி 'மோர்' என்று நின்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டு. மனிதன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து செய்வதை அப்படியே செய்கிற ஒரு பொம்மை. இப்போது அதே வேலையைப் பைத்தானில் பாராமிகோ, நெட்மிகோ என்ற இலவச நூலகங்களை வைத்து முப்பது நாற்பது வரியில் முடித்துவிடலாம். ஒரு ஸ்விட்சுக்குப் பத்து விநாடி என்றால் 120க்கு 20 நிமிடம். டீ குடித்துவிட்டு வந்தால் 120 ஸ்விட்சின் ஜாதகமும் ஒரே ஃபைலில் தயார்.

இதைச் செய்த பையனுக்கு மெடல் குத்த வேண்டும். என்ன நடக்கிறது? வேலை நடக்கும் வரை "தம்பி கெட்டிக்காரன்". ஏதாவது ஒரு நாள் ஏடாகூடமானால் "இந்த ஸ்கிரிப்ட் எல்லாம் யாரைக் கேட்டு ஓட்டுனே?"

தடை போடும் கோஷ்டி

ஒரு கோஷ்டிக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து. ஸ்கிரிப்டைத் தடை செய். கையால் பண்ணு.

அவர்கள் பயப்படுவதில் அர்த்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்கிரிப்டால் வரும் ஆபத்து நிஜம். ஒரு உதாரணம். இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் 'டிரங்க்' கேபிளில் எந்தெந்த 'விலான்' போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். விலான் என்றால் ஒரே கம்பியில் தனித்தனியாக ஓடும் வலைகள். கேட்டுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, கிரேனுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் 30 என்ற புது விலானைச் சேர்க்க, சிஸ்கோ ஸ்விட்சில் 'அலவ்டு விலான் ஆட் 30' என்று அடிக்க வேண்டும். 'ஆட்' என்ற அந்த ஒரு வார்த்தையை மறந்து 'அலவ்டு விலான் 30' என்று அடித்தால்? சேர்க்காது. இருந்த பட்டியல் மொத்தத்தையும் அழித்துவிட்டு 30ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். கேட், கேமரா, கிரேன் எல்லாம் அவுட். நெட்வொர்க் படித்த எல்லோரும் பயத்தோடு நினைவு வைத்திருக்கும் தப்பு இது. கையால் செய்தால் ஒரு ஸ்விட்ச் போகும், பையன் "ஐயையோ" என்று நிறுத்திவிடுவான். ஸ்கிரிப்ட் "ஐயையோ" சொல்லாது. பொறுமையாக 120லும் செய்து முடித்துவிட்டுத்தான் நிற்கும்.

இன்னொன்று. ஒரு ஸ்விட்சுக்குள் ரிமோட்டில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று கணக்கு உண்டு. சில பழைய கருவிகளில் 5 பேர், பல ஸ்விட்சுகளில் 16 பேர். சரியாக வெளியே வராமல் தொங்கிக்கொண்டு நிற்கும் ஸ்கிரிப்ட், அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நிஜமான மனிதன் போய்க் கதவைத் தட்டினால் 'ஹவுஸ் ஃபுல்'.

பெரிய இடத்துக் கதையும் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்தனவே, ஞாபகம் இருக்கிறதா? வழக்கமான பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரே ஒரு கட்டளை, உலகம் முழுக்க இருக்கும் அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. இந்த மாதிரி கட்டளைகளைச் சோதித்துத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி வைத்திருந்தார்கள். அதிலேயே ஒரு பிழை. ரிமோட்டில் நுழையும் வழியும் சேர்ந்து போய்விட்டதால், ஆளை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்காக அவர்கள் "இனி எல்லாம் கையால் டைப் அடியுங்கள்" என்றா சொன்னார்கள்? எங்கே தடுப்பு உடைந்தது என்று பார்த்து, மறுநாளே வெளிப்படையாக எழுதினார்கள். அந்தக் கட்டளையைக் கொடுத்தவர் பெயரை ஊருக்குச் சொல்லிப் பலி கொடுக்கவில்லை.

கையால் செய்வதும் பத்திரம் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு, 87வது ஸ்விட்சில், தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் கை எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? தடை போட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் என்பதும் பொய். பையன் சொந்த லேப்டாப்பில், யாருக்கும் சொல்லாமல், திருட்டுத்தனமாக ஓட்டுவான். இது முன்னதைவிட மோசம்.

ஆக, சண்டை போட வேண்டியது ஸ்கிரிப்டோடு இல்லை. அதற்குள் இருக்கும் ஒரு வரியோடு.

அந்த ஒரு வரி

ஸ்கிரிப்டின் மேல்பக்கத்தில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். யூசர் நேம்: அட்மின். பாஸ்வேர்டு: (கம்பெனி பெயரும் 123உம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்). பூட்டாமல், மறைக்காமல், பச்சையாக. இதே பாஸ்வேர்டுதான் 120 ஸ்விட்சுக்கும். இதே பாஸ்வேர்டுதான் பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட், போன வருடம் வேலையை விட்டுப் போனவர், கேமரா மாட்ட வந்த வெண்டர், எல்லோருக்கும். ஸ்கிரிப்ட் ஃபைல் மெயிலில் போகும், பென் டிரைவில் போகும், வாட்ஸ்அப் குரூப்பிலும் போகும்.

பழைய ஸ்விட்சாக இருந்தால் நுழைவது 'டெல்நெட்' வழியாக. டெல்நெட்டில் பாஸ்வேர்டு கம்பியில் அப்படியே போகும், நடுவில் ஒட்டுக்கேட்பவன் போஸ்ட் கார்டு படிப்பது போலப் படிக்கலாம். 1995ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அந்தக் கடுப்பில்தான் அங்கே இருந்த டாட்டு யிலோனென் 'எஸ்எஸ்ஹெச்' என்ற பூட்டுப் போட்ட வழியை எழுதினார். முப்பது வருடம் ஆகிவிட்டது.

ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் என்றால் என்ன ஆகும் என்பதற்குக் கப்பல் தொழிலிலேயே பாடம் இருக்கிறது. 2017 ஜூன் 27. 'நாட்பெட்யா' என்ற கிருமி. ஆரம்பித்தது எங்கே தெரியுமா? உக்ரைனில் பலரும் பயன்படுத்தும் ஒரு வரிக் கணக்கு மென்பொருளின் அப்டேட்டில். (ஆம், கணக்கு மென்பொருள். காமர்ஸ்காரர்கள் நிமிர்ந்து உட்காரவும்.) ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும், அதன் நினைவகத்தில் கிடக்கும் பாஸ்வேர்டுகளைப் பொறுக்கி எடுத்து, அதே பாஸ்வேர்டை வைத்துப் பக்கத்து கம்ப்யூட்டரில் நுழையும். அது போக, விண்டோஸின் ஓட்டை ஒன்றையும் பயன்படுத்தியது. மெர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் கம்பெனி சாய்ந்தது. மும்பை பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய டெர்மினலும் நின்றது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைப் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று அதன் தலைவர் பின்னால் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

சாவியே இல்லாத கதவும் உண்டு. சிஸ்கோவின் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற வசதி, புது ஸ்விட்சைச் செருகியதும் அதற்குத் தானாகவே அமைப்புகளை ஏற்றிவிடும். தானியங்கிதான், ஆனால் வருகிறவன் யார் என்று கேட்கவே கேட்காது. 2018 ஏப்ரலில் இந்த வழியாக உலகம் முழுக்க ஸ்விட்சுகளைத் தாக்கி, அமைப்புகளை அழித்து, அமெரிக்கக் கொடி படத்தைப் போட்டு வைத்தார்கள். ஈரானில் மட்டும் 3,500 ஸ்விட்ச் என்று அந்நாட்டு அமைச்சகம் அறிவித்தது.

கேட்டில் ஒரு நியாயம், கேபிளில் ஒரு நியாயம்

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு ஆள் நடந்து போக வேண்டும் என்றால் சும்மா போக முடியுமா? பாஸ் வேண்டும். பாஸில் போட்டோ வேண்டும், பெயர் வேண்டும், எந்தத் தேதி வரை என்று வேண்டும். கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப். ஜவான் முகத்தையும் பாஸையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் 'ஐஎஸ்பிஎஸ்' என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு வந்தது. 2004 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரும் சரி, மேனேஜரும் சரி, அவரவர் பெயரில்தான் நுழைய வேண்டும். "பத்து பேருக்கும் சேர்த்து 'அட்மின்'னு ஒரே பாஸ் கொடுங்க சார்" என்று கேட்டால் ஜவான் என்ன பதில் சொல்வார் என்று எழுதத் தேவையில்லை.

இப்படி யார்டு கேட்டில் போட்டோவும் பெயருமாக நுழைந்த அதே பையன், உள்ளே போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பெயரில்லாத ஆள் ஆகிவிடுகிறான். அவனும் 'அட்மின்', அவன் சூப்பர்வைசரும் 'அட்மின்', ஸ்கிரிப்டும் 'அட்மின்', வெளியிலிருந்து நுழைந்த திருடனும் 'அட்மின்'. ஒரு கன்டெய்னர் யார்டில் ஒரு மனிதன் கால் வைத்தால் பதிவு இருக்கிறது. 120 ஸ்விட்சில் கை வைத்தால் பதிவு இல்லை. இது என்ன நியாயம்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று இன்னும் யாராவது யோசித்தால், டேலியைத் திறந்து பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு வைக்கும் மென்பொருளில் 'ஆடிட் டிரெயில்' இருந்தே ஆக வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. ஒரு வவுச்சரை யார், எப்போது, எப்படித் திருத்தினார் என்ற சுவடு பதிவாக வேண்டும், அதை யாரும் அணைக்க முடியக்கூடாது. சுவடு இருந்ததா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். அதாவது 250 ரூபாய் டீச் செலவு வவுச்சரைத் திருத்தினால் பெயர் மாட்டும். அதே கம்பெனியின் மொத்த கேட்டையும் நிறுத்தக்கூடிய ஒரு வரியை ஸ்விட்சில் திருத்தினால் 'அட்மின்'!

ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வருமே, ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்ப்பது, அதற்குப் புத்தகங்கள் சொல்கிற உதாரணம் பேரிங்ஸ் வங்கி. வாங்கி விற்பவரும் அவரே, கணக்கு முடிப்பவரும் அவரே என்று சிங்கப்பூரில் ஒரே ஆளிடம் விட்டார்கள். 1995ல் 233 வருட வங்கி காலி. பரீட்சைக்கு ஐந்து மார்க்குக்கு எழுதுகிற அதே விஷயம்தான் இங்கேயும்.

பழி யார் மேல்?

இனிதான் முக்கியமான விஷயம். பெயரில்லாத லாகினால் யாருக்கு லாபம்? பையனுக்கு இல்லை. ஒரு நாள் காலையில் நெட்வொர்க் படுக்கிறது, லாகை எடுக்கிறார்கள், அதில் 'அட்மின்' என்று இருக்கிறது. அந்த அட்மின் யார்? மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் கான்ட்ராக்டோ அவன்தான்.

தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவனிடம் ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் வீட்டிலிருந்து நுழைந்து எதையாவது மாற்றினாரா? தெரியாது. வெண்டர் ஆள் கை வைத்தானா? தெரியாது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கான்ட்ராக்டருக்கு ஒரு போன், 'ஆளை மாத்துங்க', முடிந்தது. காரணம் கேட்கும் கடிதம்கூட வராது. சம்பந்தப்பட்ட ஸ்விட்சோ, அடுத்த கோளாறுக்கு அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

நேரத்தையாவது வைத்து நிரூபிக்கலாம் என்றால் அதுவும் சிரிப்புதான். கடிகாரம் செட் செய்யாத பழைய சிஸ்கோ ஸ்விட்சுகள் பல, கரன்ட் போய் வந்தால் தேதியை 1993 மார்ச் 1 என்று ஆரம்பித்துக்கொள்ளும். தப்பு நடந்த நாள் 1993 என்று லாக் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் அப்போது பிறக்கவே இல்லை. கோர்ட்டில் இதைவிடப் பெரிய 'அலிபி' கிடைக்குமா?

மத்திய அரசின் 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28ல் ஒரு உத்தரவு போட்டது. கம்ப்யூட்டர் கடிகாரங்கள் எல்லாம் என்டிபி மூலம் ஒரே நேரம் காட்ட வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் 180 நாள் லாக் முழுக்க 'அட்மின், அட்மின், அட்மின்' என்று மட்டுமே இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? ஸ்ரீராமஜெயம் எழுதிய நோட்டு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வழி ஏற்கெனவே இருக்கிறது

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் பாடத்தில் 'டிரிபிள் ஏ' என்று ஒன்று உண்டு. முதல் ஏ, ஆதென்டிகேஷன், நீ யார்? இரண்டாவது ஏ, ஆதரைசேஷன், உனக்கு எதுவரை அனுமதி? மூன்றாவது ஏ என்ன தெரியுமா? அக்கவுண்டிங்! நீ என்ன செய்தாய் என்ற கணக்கு. 'டாக்காக்ஸ் பிளஸ்' என்ற முறையில், யார் நுழைந்தார், எந்த நேரத்தில் எந்தக் கட்டளை அடித்தார் என்று ஒவ்வொரு வரியும் ஒரு தனி சர்வரில் பதிவாகும். நாள்குறிப்பு மாதிரி, ஜர்னல் என்ட்ரி மாதிரி. அந்த சர்வர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஓட ஒரு சுமாரான கம்ப்யூட்டர் போதும். காசு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

செய்ய வேண்டியவை நாலே நாலு.

ஒன்று, ஆளுக்கு ஒரு லாகின். கான்ட்ராக்ட் ஆளுக்கும்தான். வேலையை விட்டுப் போகும் அன்று கேட் பாஸை வாங்கிக்கொள்வது போல லாகினையும் மூட வேண்டும்.

இரண்டு, ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒரு லாகின், அதற்குப் பார்க்க மட்டுமே அனுமதி. கோளாறு தேடுகிற ஸ்கிரிப்டுக்கு எதையும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாற்றவே முடியாது என்று கதவைச் சாத்திவிட்டால் அந்த 'ஆட்' மறந்த விபத்துக்கே வாய்ப்பு இல்லை. பாஸ்வேர்டு ஸ்கிரிப்டுக்குள் இருக்கவும் கூடாது.

மூன்று, மாற்றுகிற ஸ்கிரிப்ட் என்றால் எழுதியவர் ஒருவர், படித்துப் பார்த்து ஓகே சொல்பவர் இன்னொருவர். முதலில் ஒரே ஒரு ஸ்விட்சில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் 'ரீலோட் இன் 10' என்று அடித்து வைத்தால், ஏதாவது சொதப்பி வெளியே மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகி, சேவ் செய்யாத மாற்றத்தை மறந்து, பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு சேவ் செய்யலாம்.

நாலு, எல்லா ஸ்விட்சுக்கும் ஒரே கடிகாரம். 1993 வேண்டாம்.

வழக்கமான சால்ஜாப்புகள்

"எங்க பசங்க மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கு சார்." கேஷியர் மேலும் நம்பிக்கை இருக்கிறது. அதனால் ரசீது புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? ரசீது கேஷியரைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. அவர் எடுக்கவில்லை என்று காட்டவும் அதுதான்.

"தனித்தனியா கொடுத்தா, ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பூட்டிட்டுப் போயிட்டா?" இது நிஜமாக நடந்திருக்கிறது. 2008ல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநகராட்சியின் நெட்வொர்க் பொறியாளர் ஒருவர், பாஸ்வேர்டுகளை அதிகாரிகளிடம் கொடுக்க மறுத்து ஜெயிலுக்கே போனார். கடைசியில் மேயரிடம் மட்டும்தான் கொடுத்தார். 2010ல் நாலு வருடம் தண்டனை. ஆனால் அங்கே தப்பு, ஆளுக்கு ஒரு லாகின் கொடுத்தது இல்லை. மொத்தச் சாவியையும் ஒரே ஆளிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் தூங்கியதுதான். அவசரத்துக்கு என்று ஒரு பாஸ்வேர்டை எழுதிக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, பெரிய அதிகாரியின் பீரோவில் வையுங்கள். கவர் பிரிந்திருந்தால் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேங்க் லாக்கர் பார்த்த யாருக்கும் இது புரியும்.

"இதுக்கெல்லாம் டைம் இல்லை சார், வேலை நடந்தா போதும்." இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான சால்ஜாப்பு. வேலை நடக்காத அன்று யாருடைய வேலை போகிறது என்று பார்த்தால், இதைச் சொல்கிறவருடையது இல்லை.

ஆகவே ராத்திரி ஷிஃப்ட் தம்பிகளே, ஸ்கிரிப்ட் எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த முறை "அட்மின் பாஸ்வேர்டு இதுதான், வெச்சுக்கோ" என்று யாராவது சொன்னால், சலுகை கிடைத்தது என்று சந்தோஷப்படாதீர்கள். "என் பேர்ல ஒண்ணு கொடுங்க சார்" என்று கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள், மெயிலில் கேளுங்கள். அந்த மெயிலையும் பத்திரமாக வையுங்கள்.

நாளைக்கு ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு எண்ணூருக்கும் மணலிக்கும் ஆடிட் போகப் போகிற காமர்ஸ் மக்களே, கேஷ் புக், ஸ்டாக் ரெஜிஸ்டர் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, அந்த சர்வர் ரூம் கதவையும் ஒரு தடவை தட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். "போன மாசம் இந்த ஸ்விட்சுக்குள்ள யார் யார் போனாங்க? பேர் காட்டுங்க." பதில் 'அட்மின்' என்று வந்தால், உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "யாருங்க அந்த அட்மின்?"

பி.கு.: கேட்ட பிறகு ரூமில் யாரும் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், ஆடிட் நோட்டில் எழுத ஒரு பாயின்ட் கிடைத்துவிட்டது. எல்லோரும் திரும்பி ஓரமாக நிற்கும் கான்ட்ராக்ட் பையனைப் பார்த்தால், இரண்டு பாயின்ட்.